பாஸ்வேர்டும் பெரிய வீட்டுச் சாவியும்

போன வருடம் என் மகளைத் திருடி என்றார்கள். காரைக்குடியில் அவள் படிக்கும் பள்ளியில் பாடப்புத்தகங்களெல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. ஒரு பிள்ளைக்கு ஒரு லாகின், ஒரு பாஸ்வேர்டு. பாதி வருடத்தில் பள்ளத்தூரிலிருந்து வந்து சேர்ந்த அவள் தோழிக்கு மட்டும் லாகின் கிடையாது. கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருசம் வரும்" என்றார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக்குப் போய்விடும் என்பதுகூடத் தெரியாத மேதைகள். இந்த லட்சணத்தில் வாசலில் 'டிஜிட்டல் வளாகம்' என்று பலகை வேறு.

என் மகள் தன் பாஸ்வேர்டைத் தோழிக்குக் கொடுத்தாள். ஒரே கணக்கு இரண்டு இடத்தில் திறக்கிறது என்று கணினி காட்டிக்கொடுக்க, அதை முடக்கிவிட்டார்கள். முழு ஆண்டுத் தேர்வு அடுத்த வாரம். இப்போது இரண்டு பேருக்குமே புத்தகம் இல்லை.

தாளாளர் என்னை வரச் சொன்னார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"நீங்க படிச்சவுக. பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க மாட்டீகளா? ஒருத்தர் பேருல உள்ளத இன்னொருத்தர் திறந்தா அதுக்குப் பேரு திருட்டு."

நான் வாயெடுப்பதற்குள் அவர் போன் அடித்தது. பேசியது அவருடைய பங்காளி. கீழச்சிவல்பட்டியில் இவர்களுக்குப் பெரிய வீடு ஒன்று உண்டு. முன்னோர் கட்டியது, பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஆளுக்கொரு அறையைப் பூட்டி வைத்திருப்பார்கள். தலைவாசலுக்கு மட்டும் ஒரே சாவி. யாருக்கு வேலையோ அவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

"சாவியா? இங்குட்டு என் மேசையிலதான் கிடக்கு. வீட்டைக் கூட்டணும்னா ஆளனுப்புங்க, குடுத்து விடுறேன். இதுக்கு என்னயக் கேக்கணுமாக்கும்? யார்ட்ட இருந்தா என்ன, எல்லாருக்கும் பொதுதானே."

அவர் போனை வைத்ததும், மேசையில் கிடந்த அந்தச் சாண் நீளச் சாவியைக் காட்டிக் கேட்டேன். "ஐயா, பாஸ்வேர்டும் இது மாதிரி ஒரு சாவிதானே?"

அவருக்கு உறைக்கவே இல்லை. "இது எங்க குடும்பச் சொத்து. அது கம்பெனிக்காரன் பொருளு. ரெண்டையும் முடிச்சுப் போடாதீக."

அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் இன்னொரு லாகின் வந்திருக்கும். அதற்குத்தான் இங்கே யாருக்கும் மனம் வரவில்லை. திருட்டைப் பற்றிப் பாடம் எடுக்க மட்டும் நேரம் இருக்கிறது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மகளை வகுப்பிலிருந்து வரவழைத்து மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். தேர்வு இருக்கிறதே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். லாகின் அன்றே திறந்தது. தேர்வு முடியும்வரை தோழி தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மகளோடு ஒரே திரையில் குனிந்து படித்துவிட்டுப் பள்ளத்தூர் பஸ் ஏறினாள். அதைக் கணினியால் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

ஆனால் அந்தக் கடிதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "இனிமேல் என் புத்தகத்தை யாருக்கும் தர மாட்டேன்" என்று எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் எழுதியதிலேயே கேவலமான வரி அதுதான். அதைப் படித்துவிட்டுத் தாளாளர் "நல்ல பிள்ளை" என்றார். பிறகு, மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, பெரிய வீட்டுச் சாவியை எடுத்து அதன்மேல் வைத்தார்.