கன்றுக்குப் போட்ட கணக்கு

கணக்குப்புலி எங்கே என்று கேட்டால், அந்தத் தெருவில் எல்லோரும் பால்காரர் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். மூன்று மாடு, ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய சைக்கிள், இவ்வளவுதான் சொத்து. ஆனால் வாயைத் திறந்தால் எடையும் அளவும்தான். மனைவிக்கு ஜுரம் வந்தபோது, மாத்திரை கொடுக்குமுன் அவளை எடை மெஷினில் ஏறச் சொன்ன மனிதர்! "முதல்ல உங்க மூளைய எடை போடுங்க" என்று அவள் கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டது. இவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தங்கமான மனுஷன்தான், கணக்கு என்று வந்துவிட்டால் மட்டும் யார் பேச்சும் காதில் ஏறாது.

செவலை மாடு மூன்று தடவையும் காளைக்கன்றே போட்டது. நான்காவதாகக் கிடேரி பிறந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை அந்தக் குட்டி துள்ளிக் குதித்துத் தகர விளிம்பில் தொடையைக் கிழித்துக்கொண்டது. காயம் ஆழமில்லை, ஆனால் கட்டுப்போட விட்டால்தானே! அப்போதுதான் மாடத்திலிருந்த பாட்டில் அவர் கண்ணில் பட்டது. கறக்க விடாமல் உதைத்த செவலையைச் சாந்தப்படுத்தக் கால்நடை டாக்டர் கொடுத்த மருந்து. அந்த டாக்டர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தங்கை.

தாயின் எடைக்கு அவ்வளவு என்றால் குட்டியின் எடைக்கு எவ்வளவு? மனசுக்குள்ளேயே வகுத்து, ஒரு சொட்டுக் கூடாமல் வாயில் விட்டார். குட்டி தூங்கியது, கட்டும் கச்சிதமாக விழுந்தது. தாய்க்கென்றால் கறந்து முடிப்பதற்குள் தெளிந்துவிடும். குட்டியோ மதியமாகியும் கண் திறக்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டார்.

அவள் வந்து குட்டியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"எடைக்குச் சரியாத்தான் குடுத்தேன்மா. வேணும்னா நீயே போட்டுப் பாரு."

"உங்க வகுத்தல் சரிதான் அண்ணே. ஆனா குட்டிங்கறது சின்ன சைஸ் மாடு இல்ல. உள்ள போன மருந்த ஈரல்தான் உடைச்சு வெளிய அனுப்பணும். தாயோட ஈரல் மளமளன்னு முடிச்சிடும். இதோட ஈரல் நேத்துப் பொறந்தது, இன்னும் வேலையே பழகல. மருந்து உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு."

"மாத்து மருந்து?"

"இதுக்கு என்கிட்ட இல்ல. உடம்பு சூடு குறையக்கூடாது. ஒரே பக்கமா படுக்கவிடாம புரட்டிப் போடுங்க. முழிக்கிற வரைக்கும் வாயில பால் விடாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். தெளிஞ்சிடலாம் அண்ணே."

"தெளிஞ்சிடும்" என்று அவள் சொல்லவில்லையே! அந்த ஒரு சொல்லில் பால்காரர் ஆடிப்போனார்.

கம்பளியைப் போர்த்திவிட்டு அருகிலேயே உட்கார்ந்தார். மனைவி பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் கொண்டுவந்து அணைத்து வைத்தாள். இருவருமாகப் புரட்டிப் போட்டார்கள். செவலை மடி கனத்துக் கத்திக்கொண்டே இருந்தது. மனைவி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏதாவது திட்டேன்" என்றார் அவர், தாங்க முடியாமல்.

அவள் குட்டியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

வெயில் கொட்டகையை விட்டு இறங்கும் நேரத்தில் காது ஒன்று ஆடியது. பிறகு தலை எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. நான்கு காலும் நான்கு பக்கம் போக, எப்படியோ எழுந்து நின்று, தள்ளாடிப் போய்த் தாய் மடியை முட்டியது. பால்காரர் ஓவென்று அழுதுவிட்டார்.

அவ்வளவுதான், மனைவி ஆரம்பித்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு? பச்சக் குழந்தைக்கு மருந்த ஊத்தற கையா அது? கேக்க ஆளில்லையா? தங்கச்சி டாக்டர்னு ஊரெல்லாம் பீத்திக்கத் தெரியுது, ஒரு போன் பண்ணிக் கேக்கத் தெரியல! வகுக்கறாராம் வகுக்க!"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பால்காரர் தரையில் சப்பணமிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க மனைவி கொஞ்சம் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார்.