பின்னால் ஐந்து, முன்னால் இரண்டு

கஞ்சிப் பானையின் மூடியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் இரண்டு கைகள் ஏழு சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தன. பின்னால் ஐந்து, முன்னால் இரண்டு. கலைத்துவிட்டு மறுபடி ஏழு. விரல்நுனிகளில் தையல் ஊசி ஏறிய பழைய தழும்புகள்.

தையல் ஆலை மூடியதும் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே இருந்த இந்தச் சீட்டுக்கூடத்தில் கஞ்சி வண்டி தள்ள வந்தவள் லியோங் சௌ-பிங். பாய் காவ் சீட்டாட்டத்தை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கிண்ணம் வைக்கும்போது மேஜையைப் பார்ப்பாள்; ஓய்வு நேரத்தில் மூடியின்மேல் பிரித்துப் பார்ப்பாள். பின்னால் வைக்கும் ஐந்து, முன்னால் வைக்கும் இரண்டைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். மாறிப்போனால் கை செத்தது. ஆட்டக்காரர்களில் ஒருவர் முறைவைத்து வங்கி பிடிப்பார்; மற்றவர்கள் அவரை எதிர்த்து ஆடுவார்கள். அவரை இரண்டிலும் வென்றால் வெற்றி, ஒன்றில் மட்டும் வென்றால் சமம். எதை எங்கே விடுவது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

இன்று முதன்முறையாகச் சீட்டுப் போடும் இடத்தில் அவளை உட்கார வைத்திருந்தார் மேலாளர் பாவோ.

"மேஜை காலியாச்சுன்னா திரும்ப வண்டிதான் அக்கா. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

மேஜையைக் காலி செய்யக்கூடியவர் ஒருவர்தான்: குவான் மாமா. ஹாங்காங்கில் சீட்டுக்கு முந்தைய பாய் காவ் கட்டைகளை உருட்டியே நரைத்தவர். அவர் உட்காருமிடத்தில்தான் மற்றவர்களும் உட்காருவார்கள். போன புத்தாண்டன்று தட்டு சரிய, சௌ-பிங் அவர் தோளைப் பிடித்துவிட்டாள். ஆடுகிறவனின் தோளைத் தொட்டால் அதிர்ஷ்டம் போய்விடுமென்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அன்று அவர் எல்லாவற்றையும் தோற்றார்.

"கஞ்சிக்காரியா சீட்டுப் போடறா? அப்ப சீட்டுல இஞ்சி மணக்கும்" என்றார் குவான். மேஜை சிரித்தது.

"இஞ்சி உடம்புக்கு நல்லது மாமா" என்று சொல்லிக்கொண்டே சௌ-பிங் சீட்டைப் போட்டாள்.

வங்கி குவானிடம் இருந்தது. அவர் பின்கையில் ஒன்பதிலிருந்து ராஜாவரை வரிசை. எதிரே முடிதிருத்தும் ஹோங். ஹோங்கின் முன்கை ஏற்கெனவே குவானுடையதை வென்றிருந்தது. பின்கையில் ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"ரெண்டு கையும் ஹோங்குக்கு" என்றாள் சௌ-பிங்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? ராஜாவைவிட அஞ்சு பெருசா?" என்றார் குவான்.

பாவோ விரைந்து வந்தார். அவர் வாய் திறக்குமுன் சௌ-பிங் இரண்டு வரிசைகளையும் அருகருகே நகர்த்தினாள்.

"இந்த ஆட்டத்துல ஏஸ் ராஜா ராணி வரிசைக்கு அடுத்தது இதுதான் மாமா. உங்க ராஜா வரிசை அதுக்கும் கீழே. கட்டையில இந்த வழக்கம் இல்லை. சீட்டுல உண்டு."

பாவோ தலையசைத்தார். குவான் எழுந்துவிட்டார். கூடவே மூன்று நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கஞ்சி வண்டியின் சக்கரச் சத்தம்கூட சௌ-பிங்கின் காதில் கேட்டுவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. குவான் தோற்ற பந்தயச் சில்லுகளை ஹோங் பக்கம் தள்ளிவிட்டு, சீட்டைக் கலைத்தாள்.

வங்கி முறை ஹோங்கிடம் போனது. நின்றபடியே குவான் ஒரு அடுக்கு சில்லைப் பந்தய வட்டத்தில் வைத்தார். ஏழு சீட்டு அவர் முன் விழுந்தது. புரட்டிப் பார்த்தவர் உதட்டைக் கடித்தார். பிறகு ஏழையும் அப்படியே அவள் பக்கம் தள்ளினார்.

"உங்க கூடத்து முறைப்படி நீயே பிரி. பார்ப்போம் உன் சமத்தை."

இரண்டு ராணி, இரண்டு எட்டு, ராஜா, ஐந்து, மூன்று. ஆசைப்பட்டால் இரண்டு ஜோடியையும் பின்னால் குவிக்கலாம். முன்னால் ராஜாவும் ஐந்தும் அம்மணமாய் நிற்கும்.

அவள் விரல் தயங்கவில்லை. ராணிகள் பின்னால், அவற்றோடு ராஜா, ஐந்து, மூன்று. எட்டுகள் முன்னால்.

குவான் குனிந்து பார்த்தார். "நான் ரெண்டையும் பின்னாடிதான் வச்சிருப்பேன்."

"தெரியும் மாமா. முன்கை தோத்திருக்கும்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வாய பாரு இவளுக்கு!" என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நீங்க எங்கடா போறீங்க? உட்காருங்க." மூன்று நாற்காலிகளும் முன்னால் வந்தன. பாவோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேறு மேஜைக்கு நடந்தார்.

சௌ-பிங் பின்கை, முன்கை இரண்டையும் விளிம்பு தட்டிச் சீராக்கி, குப்புற வைத்து, குவானிடம் நகர்த்திக் கொடுத்தாள்.