கோணலார் கேட்காத கேள்வி

அவருக்குத் தெருவே வைத்த பெயர் கோணலார். தொழில் பல்செட் செய்வது. செய்யும் பல்லில் ஒன்றையாவது லேசாகத் திருப்பி வைக்காவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. "எல்லாப் பல்லும் நேரா நின்னா பல்செட்டுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். கொஞ்சம் கோணலா இருந்தாத்தான் சொந்தப் பல்லு" என்பார். டீக்கறையைக்கூட அளவு பார்த்து ஏற்றுவார். பல் வாயில் பொருந்திவிட்டதா என்று பார்க்க, யார் வந்தாலும் "சரி, சம்மதம்" என்று சொல்லச் சொல்வார். அப்போது விசில் சத்தம் வந்தால் பல் மறுபடி அரத்துக்குப் போகும்.

ஊரையே பேசவைத்தவருக்குத் தன் காரியம் பேச மட்டும் வாய் வராது. ஐம்பதைத் தாண்டியும் தனிக்கட்டையாக நின்றது அதனால்தான். கடையில் கூடமாட வேலை பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அடுத்த தெருத் தையல்காரம்மா வந்த பிறகு பிழைப்பே குளறுபடியாகிவிட்டது. அந்த அம்மாளின் கணவர் போய் வெகுகாலம். இப்போது முன்பற்களும் போய்விட்டன.

"நூலைக் கடிக்க முடியலைங்க. கத்தரிக்கோலைத் தேடியே பொழுது போயிடுது."

கோணலார் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். நூல் கடித்துக் கடித்து முன்பல்லில் விழுகிற சின்னப் பள்ளத்தைக்கூட விடவில்லை. பல்லை மாட்டிய அம்மாள் பையிலிருந்து நூலை எடுத்து நறுக்கென்று கடித்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். கோணலாருக்குப் பகீரென்றது. வேலை முடிந்துவிட்டால் இனி இவள் எதற்கு வரப்போகிறாள்?

"சரி, சம்மதம்னு சொல்லுங்க."

"சரி, சம்மதம்." சுத்தமாக வந்தது.

"கொஞ்சம் விசில் அடிக்குதுங்க. போட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் ராவித் தரேன்" என்று கூசாமல் புளுகினார்.

அடுத்த வாரமும் விசில். அதற்கடுத்த வாரமும் விசில். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேடா" என்றாள் அக்கா. "உனக்குக் காது மந்தம்" என்று அவள் வாயை அடைத்தார்.

ஒருநாள் அவர் மும்முரமாக அரத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மாள் மேசையை உற்றுப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா ராவுறீங்க, ஒரு பொட்டுத் தூள் விழலையே?"

கோணலார் அரத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"நானும் தைக்கிறவதாங்க. சரியா இருக்கிற சட்டையை ஒருத்தர் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சா, கோளாறு சட்டையில இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

பல்லை வாங்கி மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கோணலார் பழக்கதோஷத்தில் முனகினார்:

"சரி, சம்மதம்னு..."

"அதைத்தான் வாராவாரம் வந்து சொல்லிட்டிருக்கேன். நீங்கதான் இன்னும் கேள்வியைக் கேக்கவே இல்லை."