ரிஸான் தோற்க வேண்டும் என்று கேட்டேன்

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரர்களே, சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதன் தோற்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆக் கேட்டவன் நான்.

அவன் பெயர் ரிஸான். அட்டாளைச்சேனைக்காரன். கல்முனையில் நானும் அவனும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் கராஜ் நடத்தினோம். வேலை முடிந்ததும் ஒரு பழைய நூற்றைம்பது சிசி எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டுவோம். நேர்ப்பாதையில் ஆள் தனியாக, கடிகாரத்தோடு மட்டும் மோதுகிற வேக ஓட்டம்தான் எங்கள் பைத்தியம். மூன்று வருடத்துக்கு முன், அந்த எஞ்சினை வைத்து நாங்கள் கட்டிய மோட்டார் சைக்கிளில் அவன் ஓடி முதலாவதாக வந்தான். பரிசு வாங்கும்போது, "எஞ்சின் முழுக்க என்ட வேல" என்று எல்லோர் முன்னும் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், பள்ளிவாசல் வாசலிலேயே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தோம். கராஜ் உடைந்தது. அவன் வீதிக்கு எதிர்ப்பக்கம் வேறொன்று திறந்தான். காலையில் கதவைத் திறந்தால் அவன் முகம். மாலையில் பூட்டினால் அவன் முகம். ஸலாம்கூட இல்லை. எனக்கு நெஞ்சு எரியும். ஸுஜூதில் நெற்றியை வைத்தால் முதலில் வருவது, "யா அல்லாஹ், அவனைத் தோற்கடி" என்பதுதான்.

போன வருட ஓட்டத்துக்கு எனக்கென்று தனியாக ஒரு சைக்கிள் கட்டினேன். புறப்படும்போது என் மனைவி பஸ்மியா கேட்டாள்:

"நீங்க ஓடப் போறீங்களா, அவரோட சண்டைக்குப் போறீங்களா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

பாவனையில் இல்லாத ஒரு விமான ஓடுபாதையில்தான் ஓட்டம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட வேண்டும். அங்கே காத்திருந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பியும் ஓட வேண்டும். இரண்டு வேகத்தையும் சேர்த்துத்தான் முடிவு. ஒருபக்கம் மட்டும் ஓடினால் கணக்கில்லை.

ரிஸான் எனக்கு முன் ஓடினான். ஹெல்மட்டை மாட்டும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பிள்ளகுட்டிக்காரன் நீ, மெதுவாப் போ."

"உன்ட வாய அங்கால வச்சிரு" என்றேன்.

அவன் நல்ல வேகம் ஓடினான். அடுத்தது நான். டாங்கியில் நாடி முட்டக் குனிந்து, கைப்பிடியை முழுக்கத் திருகினேன். பாதி தூரத்தில் பக்கத்துக் காற்று அடித்தது. ஹேண்டில் ஆடத் தொடங்கியது. வேகத்தை விட்டிருக்க வேண்டும். எந்த ஓட்டக்காரனுக்கும் அது தெரியும். நான் விடவில்லை. அவனை விடக் குறையக் கூடாது என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது. வேகம் அளக்கும் கோட்டைத் தாண்டினேன். அதற்கு மேல் சைக்கிள் என் சொல் கேட்கவில்லை.

கண் திறந்தபோது புல்லில் கிடந்தேன். சைக்கிள் என் வலது காலின் மேல். பெற்றோல் காற்சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே சைலன்சர் கொதித்தது. காலை இழுத்தேன், வரவில்லை. ஆட்கள் எல்லோரும் தொடக்க முனையில், எங்கோ தூரத்தில். சின்ன மகளின் முகம் வந்தது. எரிந்துதான் மவுத்தாவேன் என்று நினைத்தேன்.

"யா அல்லாஹ், யாரையாவது அனுப்பு. யாராவது." வேறு வார்த்தை வரவில்லை.

கால் சத்தம் கேட்டது. அந்த முனையில் திரும்பி ஓடுவதற்காகக் காத்திருந்தவன் ஒருவன்தான். ரிஸான்.

அவன் கையுறையைக் கழற்றி வைத்திருந்தான். வெறுங்கையோடு சைலன்சரில் பிடித்துத் தூக்கினான். தோல் கருகும் வாசம் எனக்கு வந்தது.

"ரிஸான், கை..."

"வாயப் பொத்து! கால இழுடா!"

இழுத்தேன். கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தூரத்துக்கு இழுத்துப் போட்டான். நாங்கள் விழுந்து கிடக்கும்போதே சைக்கிள் பற்றிக்கொண்டது. அவன் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தான்.

"உனக்காகச் செய்யல்ல. உன்ட மூஞ்சப் பாக்க எனக்கு இன்னும் வெறுப்புத்தான்."

கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பஸ்மியா சொன்னாள்: "அவர் திரும்பி ஓடல்லயாம். ரெண்டு உள்ளங்கையும் வெந்து ஹேண்டில் புடிக்க ஏலாமப் போயிட்டாம். அவர்ட ஓட்டமும் கணக்கில்லயாம்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரிஸான் தோற்க வேண்டும் என்று இரண்டு வருடம் கேட்டேன். தோற்றான். யாரையாவது அனுப்பு என்று ஒரு நிமிடம் கேட்டேன். வந்தான். இரண்டையும் என் ரப்பு, என்னைப் படைத்தவன், எனக்குத் தந்துவிட்டான், ஒரே மனிதனின் இரண்டு கைகளில். அன்று அழுததைப் போல நான் என் வாப்பாவின் மவுத்துக்கும் அழவில்லை.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிய முதல் நாளே வீதியைக் கடந்து அவன் கராஜுக்குப் போனேன். நான் கேட்ட துஆவை மறைக்காமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கையில் கட்டோடு கதிரையில் இருந்தவன் எழும்பவில்லை.

"கேட்டது கிடைச்சிட்டுத்தானே. இன்னும் என்ன வேணும் உனக்கு? போ."

போனேன். அவன் கோபம் நியாயமானது. இன்றுவரை அவன் என்னோடு கதைப்பதில்லை. நான் ஸலாம் சொன்னால் முகம் பார்க்காமல் பதில் சொல்கிறான், அது கடமை என்பதால். நான் இப்போது ஓடுவதில்லை. ஆனால் அதிகாலை ஸுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு அவன் கைகளுக்காக, அவன் பிழைப்புக்கான ரிஸ்குக்காக, அவன் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். முதல் மாதம் நாக்கு வரவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இப்போது வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்களுக்கும் ஒரு ரிஸான் இருப்பான். பாசம் வந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். வெறுப்போடேயே தொழுகை விரிப்பில் இருந்து, அவன் பெயரைச் சொல்லி அவனுக்கு நல்லதைக் கேளுங்கள். அல்லாஹ் கேட்கிறவன். பெற்றோல் நனைந்த புல்லில் கிடந்து அதைக் கண்டவன் சொல்கிறேன்.