நூலில் இருந்த பையன்

பள்ளிக்கூடத்தில் என் மகனின் இடுப்பையும் புஜத்தையும் நாடாவால் அளந்து, கைச்சதையை ஒரு இடுக்கியால் கிள்ளி, உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இடுப்பு சொல்வதும் கிள்ளல் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. அளக்கும்போது பயல் மூச்சை உள்ளே இழுத்திருக்கிறான். பரம்பரைத் தொழில்.

என் பதின்மூன்றாம் வயதில் அப்பா துபாயில் இருந்தார். என்னைப் பார்த்து நாலு வருடமாகியிருந்தது. லீவில் வந்தவர்கள் திரும்பும்போது அவர்களிடம் பிள்ளைகளின் அளவைக் கொடுத்துவிடுவது எங்கள் தெரு வழக்கம். அம்மா பூக்கட்டும் நூலை என் இடுப்பில் சுற்றி, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு வெட்டுவாள். கைக்கு இன்னொரு நூல். அதை வைத்து அப்பா உடுப்பு வாங்கி அனுப்புவார்.

தெருவில் எனக்குப் பெயர் உருளி. பாயசம் காய்ச்சுகிற அகன்ற வெண்கல உருளிதான். அந்தப் பெயர் துபாய்வரை போய்விடக் கூடாது. நூல் தொட்டதும் வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைத்தேன். காற்றுக்குப் பஞ்சமே இல்லாத ஆரல்வாய்மொழியில் மூச்சுக்குத் திணறியவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

"மூச்ச விடு மக்களே" என்றாள் அம்மா.

விட்டாச்சு என்று சொல்லக்கூட மூச்சில்லை. தலையை ஆட்டினேன்.

நூலைப் பார்த்து அப்பா பயந்துபோனார். "பயலுக்குத் திங்க ஒண்ணும் குடுக்கலியா?" என்று ஆள்வழி கேட்டுவிட்டு, கால்சட்டையோடு பால்பொடி டின்களும் அனுப்பினார். கால்சட்டை தொடையைத் தாண்டவில்லை. பால்பொடியை நான் கரண்டியால் அள்ளித் தின்றேன். அடுத்த முறை இன்னும் பலமாக இழுக்க வேண்டியதாயிற்று. நூல் சுருங்கச் சுருங்க டின் கூடியது. டின் கூடக் கூட நான் பெருத்தேன்.

ஒருவழியாக அப்பா வந்தார். திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் என்னைத் தாண்டி, பின்னால் நின்ற ஒல்லிப் பையன் ஒருவனை நோக்கிக் கையை நீட்டினார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"ஏட்டி, நூலுல இருந்த பயல எங்க?"

"இவந்தான் அவன். பால்பொடியெல்லாம் உள்ள கெடக்கு."

அப்பா சிரித்தார். கட்டிப்பிடிக்க வந்த கைகள் போதவில்லை. அகட்டி, மறுபடி பிடித்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் என் நூல்கள் எல்லாம் இருந்தன. முடிச்சு அவிழாமல், வட்டம் வட்டமாக, கைபட்டுக் கறுத்துப்போய். உடுப்புதான் எப்போதோ வாங்கியாயிற்றே, இந்தக் குப்பையை எதற்கு இத்தனை தூரம் திரும்பச் சுமந்து வந்தார் என்று நினைத்தபடி, எனக்கு என்ன வந்திருக்கிறது என்று சட்டைகளுக்கு அடியில் துழாவினேன்.