பாட்டுக்குள் செத்த அக்கா

மருத்துவமனைத் துணிக்கிடங்கில் அவள் எல்லாருக்கும் அக்கா. நைந்துபோன படுக்கை விரிப்பு அவளிடம் வந்தால் நடுவில் நீளவாக்கில் வெட்டி, நல்ல ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைத்து, இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிடுவாள். அதற்கும் லாயக்கில்லாதது தலையணை உறையாகும். அப்புறம் தரை துடைக்கும். எதையும் லேசில் சாகவிடாத இந்தப் பெண் செத்துப்போனவள் என்பது உலகத்தில் பல லட்சம் பேருக்குத் தெரியும்.

கொன்றவன் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவளும் இவள்தான். பதினோரு வருடங்களுக்கு முன் சிநேகிதர்கள் மூவரோடு கிடாரைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போனான். ஹெவி மெட்டல் குழு. பாடுவது அவன், அதாவது தொண்டை கிழியக் கத்துவது. அங்கே பேட்டி எடுத்தவர்கள், "இவ்வளவு கோபம் எங்கேருந்து வருது?" என்று கேட்டார்கள். தாய்நாடு அவனுக்கு இழைத்திருந்த ஒரே கொடுமை, கேட்ட மூன்றாம் வாரமே பாஸ்போர்ட் கொடுத்தது. அதை வைத்துக் கத்த முடியுமா? "என் நாடு என் அக்காவைக் கொன்னுடுச்சு" என்றான். அதுவே பாட்டாயிற்று, பாட்டால் குழு பிரபலமாயிற்று.

விஷயத்தை அக்காவுக்குக் கைபேசியில் காட்டியவள், துணி மடிப்பவள்.

"இது உன் தம்பிதானே? உன்னைச் சாகடிச்சுட்டானே!"

"சின்னதுலேர்ந்தே அப்படித்தான். ஸ்கூலுக்கு மட்டம் போட எங்க சித்தப்பாவை நாலு தடவை சாகடிச்சான்."

சிரித்தாள். ஆனால் ஆறு வருடமாக அவன் ஏன் போன் எடுப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

போன மாதம், குழு தாய்நாட்டில் பாட வருகிறது என்று அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் அக்காவின் கல்லறையைத் தேடினார்கள். அகப்படாததால் ஒரு பல் மருத்துவரின் மனைவி கல்லறையைத் தேர்ந்தெடுத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். மருத்துவர் ஆட்சேபிக்கவில்லை, அவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தே வெகுகாலமாகியிருந்தது.

அக்காவுக்கு ஒரே ஆசை, தம்பியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, கச்சேரி நடக்கவிருந்த மைதானத்தின் பின்வாசலுக்குப் போனாள்.

"நான் அவனோட அக்கா" என்றாள் காவலாளியிடம்.

"அவங்க செத்துட்டாங்கம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க? காலையிலேர்ந்து நீங்க மூணாவது அக்கா. முன்னாடி வந்தவங்க அழவாவது செஞ்சாங்க. ஓரமா நில்லுங்க."

நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் கறுப்புச் சட்டையில் அக்கா செத்த வருடம் அச்சிட்டிருந்தது.

கார் வந்து வாசலில் வேகம் குறைந்தது. தம்பி பார்த்துவிட்டான். தெரியாதவன்போல் நடித்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். கண்ணாடியை நாலு விரல்கடை இறக்கினான்.

"அக்கா, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு டூர் இருக்கு. அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

"வீட்டுக்காவது வந்துட்டுப் போயேன்டா."

"நீ இல்லேன்னுதான் இத்தனை பேர் வந்திருக்காங்க."

கண்ணாடி ஏறிக்கொண்டது. கார் உள்ளே போயிற்று.

கறுப்புச் சட்டைக்காரி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஆன்ட்டி! உங்ககிட்ட நின்னு பேசினாரே! என்ன சொன்னார்?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். ஒரே வார்த்தையில் அத்தனை பேருடைய துக்கத்தையும் கெடுத்துவிட்டிருக்கலாம்.

"வழி கேட்டார்."

"சொந்த ஊர்லயேவா? ஐயோ பாவம். அக்கா போனதுல எல்லாமே மறந்துபோச்சு போல."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. அதற்குள் ரசிகர்களுக்கான கதவைத் திறந்துவிட்டார்கள். அக்காவை முழங்கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அக்காவுக்காக அழ உள்ளே ஓடினாள்.