அப்பா வார்த்த மூன்று கட்டிகள்

"பிள்ளைக்கு இலக்கம் வடிவா எழுத வருது. ஆனா அந்த இலக்கம் என்னத்தைத் தாங்கும் எண்டு விளங்குமோ?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர், இப்படிக் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னிடம் கேட்கவில்லை, என் தலைக்கு மேலாக, கட்டடப் படம் வரைகிறவரிடம் கேட்டார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை.

மலாக்கா டவுனில், கட்டடங்களுக்கு வலு கணக்கிட்டுக் கொடுக்கும் சிறிய அலுவலகம் அது. சுதந்திரம் வந்த புதிது. பல இடங்களில் பள்ளிக்கூடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எஞ்சினியர் சூத்திரங்களைத் தாளில் எழுதித் தருவார். கைப்பிடியைச் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் நான் விடை காண்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போன பெண்கள் அப்போது அதிகம் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

தாளின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: கான்கிரீட்டின் வலு. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு தாங்கும் என்று அங்கே எழுதுவதை வைத்தே கீழே எல்லா வரிகளும் ஓடும். தளத்தின் கனம், கம்பியின் பருமன் எல்லாம் அதிலிருந்து வரும். அந்த எண் வேலைத்தளத்திலிருந்து வரவேண்டும். கான்கிரீட் போடும் அன்றே அதில் கொஞ்சம் எடுத்து, ஆறு அங்குல அச்சில் கம்பியால் குத்தி இறுக்கி மூன்று கட்டிகள் வார்ப்பார்கள். அவற்றை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் வைத்துவிட்டு, இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள்.

கிளேபாங்கில் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கு அப்பாதான் கான்கிரீட் மண்டோர், கான்கிரீட் போடும் ஆட்களுக்கு மேலாள். கட்டட வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரரின் ஆள். கட்டிகளை வார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். மூவாயிரம் தாங்கினால் போதும் என்று வைத்துத்தான் முதல் மாடித் தளத்தை ஆறு அங்குலக் கனத்துக்கு வடிவமைத்திருந்தோம். அந்தத் தளத்தின் கட்டிகள் நாலாயிரத்து நானூறு தாங்கின. எஞ்சினியருக்கு மகிழ்ச்சி. அடுத்த தளத்துக்கு ஐந்து அங்குலம் போதுமா என்று பார்க்கச் சொன்னார். முதல் வரியில் புது எண்ணை எழுதி முழுத் தாளையும் திரும்பப் போட்டேன். போதும் என்று வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன்.

"அப்பா, உங்க கட்டி நாலாயிரத்து நானூறு தாங்கிடுச்சி."

"தாங்காம? ஒன் மேசைக்கு வர்ற சாமானாச்சே. தனிப் பலகையில கலந்தேன்லா. சிமெண்டு கொஞ்சம் கூட, தண்ணி கம்மி. யாரையும் தொட விடல, நானே குத்துனேன்."

அம்மா சிரித்தாள். "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பலகாரம் சுட்ட மாதிரில்ல இருக்கு!"

"அப்ப மாடியில போட்டது?"

"அது எப்பவும் போடுறதுதான். அதுக்கென்ன கொறச்சல்?"

கட்டியை மாடியில் போட்ட கலவையிலிருந்தே எடுக்க வேண்டும், அந்தக் கட்டியை நம்பித்தான் அடுத்த தளத்தை மெலிதாக்கப் போகிறோம் என்று விளக்கிச் சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளிவைத்தார்.

"நான் சிமெண்டத் திருடுனேனா? கூடல்ல போட்டேன்!"

"பிள்ளைங்க ஒக்காரப் போறது அந்தக் கட்டி மேல இல்லப்பா."

"போய்ச் சொல்லு. மண்டோர் வேலை போவட்டும். ஒன்னப் படிக்க வச்ச வேலை."

போகும் என்பது எனக்கும் தெரியும். கட்டியில் ஏமாற்றிய மண்டோரைக் குத்தகைக்காரர் வைத்துக்கொள்ளமாட்டார். வேறு யாரும் எடுக்கவும் மாட்டார்கள். இரண்டு நாள் தாளை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எஞ்சினியர் கேட்டார். முதல் வரியை அடித்துவிட்டுக் கொடுத்தேன். கட்டிகள் தனியாகக் கலந்தவை, தளத்தில் போட்ட கலவை அல்ல என்றேன். யார் வார்த்தது என்று அவர் படிவத்தைத் தேடுவதற்குள், "என் அப்பா" என்றேன்.

அவர் தேடுவதை நிறுத்தினார். பிறகு, மறுநாள் தூண்களுக்குப் போடும் அதே வழக்கமான கான்கிரீட்டிலிருந்து நானே கட்டி எடுத்துவர வேண்டும் என்றார். மூவாயிரம் தாங்கினால் இந்தப் பேச்சு இந்த அறையைத் தாண்டாது. தாங்காவிட்டால் குத்தகைக்காரருக்குக் கடிதம் போகும்.

கிளேபாங்கில் என்னைப் பார்த்ததும் ஒருவர் குரல் கொடுத்தார். "மண்டோர் மக வந்திருக்கு, நல்லா கலக்குங்கலா!"

"எப்பவும் போல கலக்குங்கண்ணே," என்றேன்.

மூன்றாவது தள்ளுவண்டியைத் தூணுக்குப் போகிற வழியில் நிறுத்தி, அதிலிருந்து அள்ளி அச்சில் குத்தினேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டி நின்றார். 

இருபத்தெட்டு நாளும் கட்டிகள் தண்ணீரில் கிடந்தன. காலையில் பசியாறும்போது அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். விடை வந்தது: மூவாயிரத்து நூற்றைம்பது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானா?" என்றார். வேலை போகாமல் நின்றதைவிட அந்த எண்தான் அவரை உறுத்தியது. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். திங்கட்கிழமை வழக்கம்போல மண்டோராகவே போனார். முதல் வரியில் மூவாயிரம் என்று எழுதித் தாளை மறுபடி போட்டேன். அடுத்த தளமும் ஆறு அங்குலமாகவே நின்றது.

இனி எல்லா வேலைத்தளங்களிலும் அலுவலகத்து ஆள்தான் கட்டி எடுக்க வேண்டும், அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்று எஞ்சினியருக்கு எழுதிக் கொடுத்தேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அதற்குள் தெங்கேராவில் ஒரு கடைவீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாள் வந்துவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திராமல் மூன்று அச்சுகளுக்கும் எண்ணெய் தடவி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டி வார்த்து வந்தேன்.